பெரிய வெள்ளியன்று நான் அணைத்த பெட்டி

மக்கா,

இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பிலோமினாவின் மகன் ஜெரால்டு கையில் கொடுத்து விடுகிறேன். விடுமுறை முடிந்து புதன்கிழமை அவன் விமானம் ஏறுகிறான், நீ இருக்கிற ஊருக்குத்தான். கூடவே ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடும், பாலித்தீன் தாளில் சுற்றிய ஒரு பென் டிரைவும் இருக்கும். உறையை நான் ஒட்டவில்லை. ஜெரால்டு வழியில் பிரித்துப் படித்தாலும் சரி, அவன் அம்மா இங்கேயே படித்துவிட்டாலும் சரி. ஏழு மாதமாக மூடி வைத்திருந்த ஒன்றைத்தான் இதில் எழுதுகிறேன், அதை மறுபடியும் ஒட்டி அனுப்ப எனக்கு மனமில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ பாதியிலேயே 'சரிம்மா, பிறவு பேசலாம்' என்பாய், நானும் அதையே சாக்காக வைத்து விட்டுவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. இவ்வளவு எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதனால் அவசரப்படாமல் படி.

உன் மகள் ஷைனி விஷயம்தான். பூனாவில் இருக்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருப்பதும், ஜனவரி முதல் வாரம் அவள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். எம்.எஸ்ஸி. பிராஜெக்டையே ஒழுங்காக முடிக்கத் தெரியாதவள் ஆராய்ச்சி செய்யப் போகிறாளா என்று கேட்டாய். வருகிறேன், வரவில்லை என்று இந்த மாதக் கடைசிக்குள் அவர்களுக்கு எழுதியாக வேண்டும். உன் வாய்ச்சொல் இல்லாமல் அவள் எழுத மாட்டாள். ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிராஜெக்ட் கெட்டது அவளால் இல்லை, என்னால். எப்படி என்று எழுதுகிறேன்.

நீ அந்தக் கம்ப்யூட்டரை வாங்கித் தந்தபோது அவள் காலேஜில் இரண்டாம் வருஷம். சுனாமிக்குப் பிறகு கட்டிய இந்த வீட்டில் முன்னறை ஜன்னலோரம் மேசை போட்டு வைத்தோம். பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும்தான் அது என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் மீன் அரிந்துவிட்டுக் கை கழுவி வந்து பார்க்கிறேன், கறுப்புத் திரையில் கலர் கலராக உருண்டைகள், அவற்றைச் சேர்த்துக் குச்சிகள். என்னட்டி இது, பாசிமணியா என்று கேட்டேன். சிரித்தாள். "சீனி பாட்டி. நம்ம காப்பியில போடுத சீனி. அதுல ஒரே ஒரு துணுக்குக்க பாதி இப்பிடி இருக்கும்" என்றாள். புத்தகத்தைத் திறந்து காட்டினாள், அதில் அதே சீனி வெறும் கோடுகளாக, நசுங்கின ஆறுமூலைப் பெட்டி மாதிரித் தட்டையாகக் கிடந்தது. திரையில் தட்டையாக இல்லை. ஒரு மூலை மேலே தூக்கியும் எதிர்மூலை கீழே தணிந்தும், சாய்வுநாற்காலி மாதிரி இருந்தது. மவுஸை என் கையில் பிடித்துக் கொடுத்து, "அமுக்கிட்டு இழுங்க" என்றாள். இழுத்தேன். முழுசும் திரும்பி முதுகைக் காட்டியது.

அப்படித்தான் எனக்கு அந்த மென்பொருள் பழக்கமாயிற்று. இலவசமாகக் கிடைக்கிறதாம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாமாம். மாலையில் அவள் படிக்க உட்கார்ந்தால் நானும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்வேன். கரி கறுப்பு, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், சின்னச் சின்ன வெள்ளை உருண்டை எல்லாம் ஹைட்ரஜன். "அப்போ நாம மூச்சு விடுத காத்து சிவப்பாட்டி?" என்று கேட்டேன். "இல்ல பாட்டி, அதுக்கு நிறமே கெடையாது. பாக்கவனுக்கு அடையாளம் தெரியணும்னு எல்லாருமா பேசி வச்ச நிறம்" என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. தூரத்தில் வரும்போதே யார் வள்ளம் என்று கரையில் நிற்கிறவளுக்குத் தெரியத்தானே நாமும் நிறம் அடிக்கிறோம். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமையடித்தேன் தெரியுமா? வடசேரிச் சந்தையில் என்னோடு மீன் விற்ற கிழவிகளிடம்கூட, "எனக்கப் பேத்தி சீனிக்க உள்ளே என்ன இருக்குன்னு திருப்பித் திருப்பிப் பாக்கா" என்று சொன்னேன். "அப்போ சுகருக்கு மருந்து கேட்டுச் சொல்லு" என்றாள் ஒருத்தி.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் பிராஜெக்ட் வந்தது. முட்டம் பாறையில் ஒட்டிக் கிடக்கிற ஒரு கடற்பாசியில் ஏதோ ஒரு சத்து இருக்கிறதாம். மூட்டில் வீக்கம் வர நம் உடம்புக்குள் ஒரு புரதம் காரணமாம். இந்தச் சத்து அந்தப் புரதத்தில் போய் ஒட்டி நிற்குமா, விட்டுவிடுமா என்பதுதான் அவள் பார்க்க வேண்டியது. புரதத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள். உருண்டையும் குச்சியுமாகப் போட்டால் ஒன்றும் விளங்காது, அத்தனை ஆயிரம் இருக்கிறது. ரிப்பன் மாதிரிப் போட்டாள், பிறகு மேல்தோல் போர்த்தின மாதிரி ஒன்று போட்டாள். அப்போது பார்த்தால் அது சரியான பாறை. மேடும் பள்ளமுமாக, ஓரிடத்தில் ஒரு பொந்து. சிப்பி எங்கே பிடிக்கும் என்று நமக்குத் தெரியுமே, அதே மாதிரிப் பொந்து. அதில் இந்தப் பாசிச்சத்து உட்கார்கிறது. உட்கார்ந்தால் போதாது, தண்ணீர் மோத மோத நிற்க வேண்டும். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் கம்ப்யூட்டர் ஒன்பது நாள் நிற்காமல் ஓட வேண்டும் என்றாள். உள்ளே நடப்பது என்னவோ கண்ணிமைக்கிற நேரத்திலும் துளியிலும் துளியாம். அதைப் பெட்டி ஒன்பது நாள் யோசிக்கிறதாம். காலேஜில் அவ்வளவு நாள் ஒருத்திக்கே கம்ப்யூட்டர் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் கரண்ட் போனாலும் அணையாமல் இருக்க உன்னிடம் கேட்டு யு.பி.எஸ். பெட்டி வாங்கினாள். நீயும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தாய்.

ஓட விட்டது குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின புதன் சாயங்காலம். பெரிய வெள்ளி சாயங்காலத்தோடு ஒன்பது நாள் முடியும் என்றாள். யாரும் தொடக்கூடாது என்று உன் பெண்சாதி ஸ்டெல்லாவிடமும் சொன்னாள், என்னிடமும் சொன்னாள். சொல்லவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய வெள்ளி என்றால் நம் வீட்டில் என்ன என்பது உனக்கே தெரியும். வியாழன் இரவிலிருந்து ரேடியோ கிடையாது, டி.வி. கிடையாது. கோயிலிலேயே மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடியிருக்கும். நானும் வீட்டுப் பீடத்துக்கு என்று ஒரு ஊதாத் துணி தைத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு மத்தியானம் ஷைனியும் ஸ்டெல்லாவும் சிலுவைப்பாதைக்குப் போய்விட்டார்கள். எனக்கு மூட்டு வலி, வாசலில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போகிற வழியில் பிலோமினா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன பெரியம்மா, பெரிய வெள்ளியும் அதுவுமா உங்க வீட்டில டி.வி. ஓடுது? கலர் கலரா என்னமோ ஆடுது?"

"டி.வி. இல்லட்டி. பிள்ளைக்கப் படிப்பு."

"படிக்கவியளுக்கு மட்டும் ஆண்டவரு மரிக்கல்லியாக்கும்?" என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு. எழுந்து உள்ளே போனேன். திரையில் அந்தப் பாறை மாதிரி உருவம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அழகுக்காக அவள் சுற்ற விட்டிருந்தாள், கணக்கு நடப்பது திரையில் இல்லை, கீழே இருக்கிற பெட்டியில். திரையை மட்டும் அணைத்திருந்தால் பிலோமினாவும் வாயை மூடியிருப்பாள், பிள்ளையின் வேலையும் நடந்திருக்கும். அது எனக்குத் தெரியாது. நான் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். அணையவில்லை. மாறாக, யு.பி.எஸ். பெட்டி கீ, கீ என்று கத்தத் தொடங்கியது. கோயில் மணியே வாய் மூடிக் கிடக்கிற நாளில் எங்கள் வீட்டில் இருந்து மணிச்சத்தம். தெருவுக்கே கேட்குமே என்று மேசைக்கு அடியில் குனிந்து, மூட்டு வலியோடு முட்டி போட்டு, தடவித் தடவி அந்தப் பெட்டியின் பொத்தானைக் கண்டுபிடித்து அமுக்கினேன். எல்லாம் நின்றது. பிறகு அந்த ஊதாத் துணியை எடுத்து வந்து திரை, பெட்டி எல்லாம் சேர்த்து மூடினேன். நல்ல காரியம் செய்த நினைப்பில் வாசலுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடர்ந்தேன்.

யோசித்துப் பார், மக்கா. அது தன்னால் முடிந்த மட்டும் கத்திச் சொல்லியிருக்கிறது. ஒரு தடவை பிடுங்கியும் அணையாத ஒன்றை, ஏன் அணையவில்லை என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் இரண்டாவது தடவை தேடிப் பிடித்து அணைத்தவள் நான்.

சாயங்காலம் வந்தாள். வெள்ளைச் சேலை, வெயிலில் நின்ற முகம். மேசையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"யாரு மூடுனா?"

"நான்தான் மக்கா. இன்னைக்கு ஓடக்கூடாதுல்லா."

துணியை எடுத்து மடித்து என் மடியில் வைத்தாள். பெட்டியைப் போட்டாள். அரை மணிக்கூர் என்னென்னவோ தட்டினாள். எழுதிக்கொண்டிருந்த கோப்பு நடுவில் அறுந்துபோயிற்றாம், திறக்கவே இல்லை. அந்த மென்பொருளில் கறுப்புத் திரை மட்டும் வந்தது, உள்ளே ஒரு உருண்டையும் இல்லை. ஸ்டெல்லா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷைனி கையைக் காட்டி நிறுத்தினாள். "விடும்மா. நாளு பாக்காம ஓடவிட்டது நான்தானே" என்றாள். உயிர்ப்பு ஞாயிறு கழிந்த நாலாம் நாள் பிராஜெக்டைக் கொடுத்தாக வேண்டும். மறுபடி ஓட்ட ஒன்பது நாள் எங்கே இருக்கிறது? பாதி வேலையைக் கொடுத்தாள், பாதி மார்க் போட்டார்கள். முதல் வகுப்பு போயிற்று.

ரிசல்ட் வந்த அன்று நீ போனில் பேசியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது, ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள். "ஒம்பது நாளு ஓடுன சாதனத்த கடைசி நாளு அணைய விடுவாளா ஒருத்தி? நீ என்ன செய்துட்டு இருந்த?" என்று கேட்டாய். "எனக்கத் தப்புதான் அப்பா. கவனிக்கல்ல" என்றாள். நான் அடுக்களை வாசலில் நின்றேன். நீ இன்னும் என்னென்னவோ சொன்னாய். பொட்டப்பிள்ளைக்கு இதற்கு மேல் படிப்பு எதற்கு என்றும் சொன்னாய். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பயந்து அல்ல. நீ உன் கூட்டாளிகளிடமெல்லாம் 'எங்கம்மா அஞ்சாங்கிளாஸ்தான், ஆனா எல்லா விவரமும் தெரியும்' என்று சொல்லுகிறவன். அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் பேரைக் காப்பாற்ற அவள் பேர் போயிற்று. இதில் கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் இதோடு சொல்ல வேண்டியிருக்கிறது. உன் அப்பா வள்ளம் தள்ளும்போது கால் முறிந்து கிடந்த வருஷம். உனக்குப் பாலிடெக்னிக்கில் இருந்து வரச்சொல்லி அட்டை வந்தது. அதே வாரம் உன் மாமா விசா கொண்டுவந்தான். நான் 'படிப்பு பிறவு பாக்கலாம் மக்கா' என்றேன். நீ அந்த அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு, பயணப் பெட்டியின் அடியில் வைத்து அதன்மேல் துணிகளை அடுக்கினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் உனக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக் கொடுத்தேன். 'பஸ் வந்தாச்சு, நீ போம்மா' என்றாய். இத்தனை வருஷத்தில் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. நீ வருத்தப்படவில்லை என்றே நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. போனில் 'எனக்கத் தப்புதான்' என்று அவள் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். பெட்டி அடுக்கின உன் முகம் அது. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குணம், வலித்தால் சத்தம் போட மாட்டீர்கள். சத்தம் போடாதவர்களை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நான் இரண்டு தடவை நினைத்தேன். நீ ஒரு தடவையாவது நினைக்காமல் இரு.

மார்க் வந்த பிறகும் அவள் விடவில்லை. நாகர்கோவிலில் டியூசன் சொல்லிக் கொடுக்கப் போய்க்கொண்டே ஜூலையில் மறுபடி ஓட விட்டாள். யாரும் கேட்கவில்லை, மார்க் ஒன்றும் கூடாது. எதுக்கட்டி என்று கேட்டேன். "நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியணும் பாட்டி" என்றாள். அந்த ஒன்பது நாளும் பகலில் நான்தான் காவல். மழைக்காற்று அடித்து ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகும். பெட்டி கீ கீ என்று கத்தும், நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். உட்கார்ந்து ஆவது ஒன்றுமில்லை என்று தெரியும். இருந்தாலும் உட்காருவேன். பத்தாம் நாள் காலையில் அவள் அந்த மென்பொருளில் போட்டுக் காட்டினாள். தண்ணீர்த் துணுக்குகள் நாலாபக்கமும் மோதுகின்றன, பாறை மூச்சு விடுகிற மாதிரி அசைகிறது, அந்தப் பாசிச்சத்து பொந்துக்குள் லேசாகப் புரண்டு, ஒரு பக்கம் இன்னும் உள்ளே நகர்ந்து, விடாமல் நின்றது. கடைசி வரைக்கும் நின்றது. அவள் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டுத்தான் பூனாவுக்கு அனுப்பினார். அவர்கள் மார்க்கைக் கேட்டார்கள், ஏன் குறைந்தது என்றும் கேட்டார்கள். கரண்ட் கோளாறு என்று சொல்லியிருக்கிறாள். என் பேரை அங்கேயும் சொல்லவில்லை.

நீ அவளுக்குப் பேசி வைத்திருக்கிற குளச்சல் பையன் மேல் எனக்குக் குறையில்லை. அவன் அம்மாவைத் தெரியும், நல்ல குடும்பம். காத்திருக்கச் சொல், காத்திருந்தால் பார்க்கலாம். ஆனால் படிக்கத் தெரியாதவள் என்ற கணக்கில் அவளைக் கட்டிக் கொடுக்காதே, அந்தக் கணக்கு தப்பு. வடசேரியில் மீன் வாங்க வருகிறவள் ஒரு பக்கம் மட்டும் பார்த்து வாங்க மாட்டாள். செவுளைத் தூக்குவாள், திருப்பிப் போடுவாள், வயிற்றை அமுக்குவாள். நமக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் அவள் செய்வதுதான் சரி. நீ உன் மகளுடைய மார்க் தாளை மட்டும்தான் பார்த்திருக்கிறாய்.

பென் டிரைவில் அந்த மென்பொருளும் இருக்கிறது, அவள் ஓட விட்டதும் இருக்கிறது. அப்பாவுக்கு அனுப்ப வேண்டும், போட்டுக் கொடு என்று கேட்டேன். "அப்பா எங்க பாக்கப் போறாவ" என்று சொல்லிக்கொண்டேதான் போட்டுக் கொடுத்தாள். கடிதம் எழுதுகிறது அவளுக்குத் தெரியாது. நீ தங்கியிருக்கிற கேம்பில் யாரிடமாவது கம்ப்யூட்டர் இருக்கும். மவுஸில் இடது பொத்தானை அமுக்கிக்கொண்டு இழுத்தால் திரும்பும். நடுவில் இருக்கிற சக்கரத்தை உருட்டினால் கிட்டே வரும். முதலில் பார்க்கும்போது வெறும் பாறைதான் தெரியும், பாதிக்கு மேல் திருப்பினால்தான் பொந்து தெரியும். எனக்கே வந்தது, உனக்கு வராதா? பார்த்துவிட்டு அவளுக்குப் போன் செய். எனக்கு வேண்டாம். என்னைத் திட்ட வேண்டுமென்றால் ஜனவரியில் வந்து நேரில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் பேசும்போது கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறு. உடனே பதில் வராது. வரும்வரை போனை வைக்காதே.

நேற்று பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் சும்மா ஒரு வார்த்தை சொன்னேன், அதுக்காட்டு பிடுங்குவியளா பெரியம்மா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கை என்னுடையது.

மேசை இப்போதும் ஜன்னலோரம்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஓடுகிறது, வெள்ளிக்கிழமையும் ஓடுகிறது. அவள் பூனாவுக்குப் போய்விட்டால் அதைத் தொட ஆளில்லை, கடற்காற்றில் உப்புப் படியும். அப்போது அதை முறைப்படி அணைக்க எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். எதை முதலில் அமுக்க வேண்டும், எதைக் கடைசியில் அமுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தருவாள். அணைத்துவிட்டு அந்த ஊதாத் துணியை எடுத்து நானே மூட வேண்டும். துணியைத் துவைத்து மடித்துத் தயாராக வைத்திருக்கிறேன், மக்கா. நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

உன் அம்மா